ஆய்வகக் கேமராவும் உன் நடையும்

அன்புள்ள பெரியவளுக்கு,

நேற்று போனில் கேட்டாயே, "அம்மா, உண்மையைச் சொல்லு, நான் நடக்கறேனா ஓடறேனா" என்று, அதற்கு எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. நாங்கள் மூவரும் சௌக்கியம், உன் குதிகால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். அப்பாவுக்குப் புது மூக்குக்கண்ணாடி வந்துவிட்டது, போட்டுக்கொண்டு என்னைப் பார்த்து, இத்தனை நாள் மங்கலாகத் தெரிந்ததே நல்லது என்கிறார். தம்பி பரீட்சைக்குப் படிப்பதாகச் சொல்கிறான், புத்தகம் மட்டும் இன்னும் புதிதாகவே இருக்கிறது.

நாளை நடைப்போட்டியிலிருந்து பெயரை எடுத்துவிட்டு வீட்டுக்கே வந்துவிடுகிறேன் என்றாய். முதல் மூன்று பேருக்குத்தான் அணியில் இடம், மறுபடியும் எல்லார் முன்னாலும் வெளியே அனுப்பப்படுவதைவிடப் போகாமலிருப்பதே மேல் என்றாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை, ஏனென்றால் இதற்குக் காரணம் நான். மூன்று மாதம் முன்பு இருபது கிலோமீட்டர் போட்டியில், நடையில் ஒரு காலாவது எப்போதும் தரையில் இருக்க வேண்டும், நீ ஓடுகிறாய் என்று மூன்று நடுவர்கள் சிவப்பு அட்டை எழுதி, பதினாறாவது கிலோமீட்டரில் உன்னை வெளியே அனுப்பினார்கள். நீ லீவில் வந்தபோது, அவர்கள் சொன்னது தப்பு என்று நிரூபிக்கத்தான் என் கல்லூரி ஆய்வகத்தின் அதிவேகக் கேமராவில் உன் பயிற்சியைப் படம்பிடித்தேன். ஒவ்வோர் அடியிலும் ஏழு படங்களில் உன் இரண்டு காலும் தரையில் இல்லை. சும்மா இருந்திருக்கலாம். மாணவர் கட்டுரையைத் திருத்துவதுபோல் சிவப்பு வட்டம் போட்டு உனக்கே அனுப்பிவைத்தேன். அன்றிலிருந்து நீ குனிந்து காலைப் பார்த்துக்கொண்டே நடக்கிறாய். மூன்று வருடம் விடாமல் முதலில் வந்தவள் போன மாதம் ஒன்பதாவதாக வந்தாய்.

போன ஞாயிறு கல்லூரிகளுக்கிடையிலான நடைப்போட்டியில் சுற்று எண்ண ஆள் குறைகிறது என்றார்கள், போனேன். அங்கே நடுவராக நின்றவள் ஒரு பல் மருத்துவர், என்னைவிடப் பத்து வயது சின்னவள். இடைவேளையில் கேமரா விஷயத்தைச் சொன்னேன். "கேமரா பாக்கறத நான் பாக்க வேண்டியதில்ல மேடம். வெறும் கண்ணுக்குத் தெரிஞ்சா அட்டை எழுதுவேன், தெரியலேன்னா அவங்க நடக்கறாங்க, விதியே அதுதான். உங்க கேமராவ வச்சுப் பாத்தா இங்க ஒருத்தருமே நடக்கல" என்றாள். வீட்டுக்கு வந்து விதிப்புத்தகத்தைத் தேடிப் படித்தேன், அவள் சொன்னது சரி. அதைப் படிக்காமலேயே சோதனை நடத்தியிருக்கிறேன், என் மாணவி இப்படிச் செய்திருந்தால் ஆய்வகத்துக்குள் விட்டிருக்க மாட்டேன். பிறகு அதே படத்தைச் சாதாரண வேகத்தில் பதினேழு முறை ஓடவிட்டேன். ஒரு தடவைகூட உன் கால் எழும்பியது தெரியவில்லை. அப்பா பின்னால் வந்து நின்று, "அவ ஒழுங்காத்தான் நடக்கறா, நீதான் துரத்திக்கிட்டிருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்த விளக்கம் நடுவருக்குப் போதும். எனக்கு முழுதாகப் போதவில்லை, உனக்கும் போதாமல் இருக்கலாம். ஆனால் பதில் தெரிந்த பிறகுதான் நடப்பேன் என்று உட்கார வேண்டியதில்லை. பதினைந்து வயதில், ஓட்டத்தில் தேறாத உன்னை, ஆள் குறைகிறது என்பதற்காகத்தான் பயிற்சியாளர் நடைக்குத் தள்ளிவிட்டார். நீ இடுப்பை ஆட்டிக்கொண்டு தெருவில் போவதைப் பார்த்து, மாடிவீட்டுத் தையல்காரர், பஸ்ஸையும் பிடிக்கணும், ஓடினா கௌரவக் குறைச்சல் என்கிற மாதிரிப் போகிறாள் என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். நீ மறுநாளும் அதே நேரத்துக்கு அதே தெருவில் போனாய். நாளை அந்தப் பிடிவாதத்தோடு போய் வரிசையில் நில். அவர்கள் வெளியே அனுப்பினால் வா, நீயாக வெளியே வராதே. அந்தப் படத்தை உன் போனிலிருந்து அழித்துவிடு, ஆய்வகக் கணினியில் நான் அழித்தாயிற்று.

தம்பி இதை இப்போதே படமெடுத்து உன் போனுக்கு அனுப்புகிறான், தாளைப் பிறகு தபாலில் போடுகிறேன். குதிகாலில் பட்டை ஒட்ட மறக்காதே. உன் கால்களும் மனதும் திடமாக இருக்கட்டும், எங்கள் மூவருடைய ஆசியும் உன்னோடு.

அன்புடன்,
அம்மா

மறுநாள் மாலை, தாளைத் தபாலில் போடும் முன் இதையும் எழுதுகிறேன். நீ வரிசையில் நின்றாய். பதினோராவது கிலோமீட்டரில் ஒரு சிவப்பு அட்டை, பதினேழில் இன்னொன்று, மூன்றாவது விழுந்தால் வெளியே. கடைசிச் சுற்றில் வேறொரு நடுவர் நீ கடந்து போகும்வரை உன் காலையே பார்த்தார், எழுதவில்லை. நீ குனியவுமில்லை, வேகத்தைக் குறைக்கவுமில்லை. நான்காவதாக வந்தாய், பதினொரு விநாடி வித்தியாசத்தில் அணியில் இடம் போயிற்று. போனில் கொஞ்ச நேரம் அழுதாய். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, அடுத்த மாதம் முப்பத்தைந்து கிலோமீட்டர் நடைக்குப் பெயர் கொடுத்துவிட்டேன் என்றாய்.