காயாத ரப்பர்

மச்சான்,

எமர்ஜென்சி என்று ரேடியோவில் சொன்னார்களே, அந்த வருஷம். சிலோனிலிருந்து கப்பலேறிவந்த நாம் கட்சால் தீவில் நட்ட ரப்பர் கன்றுகள் மரமாகி, நம் பக்கத்தில் முதன்முதலாகப் பால் வெட்டியதும் அந்த வருஷம்தான். நாம் குடியிருந்த லயத்துக் காம்பராக்களுக்கு ஜெனரேட்டர் கரண்ட் வந்ததும் அதே மழைக்காலத்தில்.

இன்று காலை அந்த நினைப்பு திரும்பி வந்தது. இங்கே போர்ட் பிளேர் லம்பா லைன் வீட்டில் மருமகள் ஈரக் கையோடு கிரைண்டர் சுவிட்சைத் தொடப் போனாள். "ஏ புள்ள!" என்று கத்திவிட்டேன். அவள் காலைத் தூக்கிக் காட்டினாள். "புதுச் செருப்பு மாமா. ரப்பர். கரண்ட் பிடிக்காது." அந்தப் புது ரப்பர் வாசனை என் மூக்கில் ஏறியது. எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவதும் அவள்தான். செருப்புப் பேச்சையும் விடாமல் எழுது என்றிருக்கிறேன்.

நாமும் அதைத்தானே சொன்னோம். காம்பராவுக்கு வரும் வயரில், கம்பத்தோடு கட்டிய இடத்தில் உறை பிய்ந்து செம்பு தெரிந்தது. கரண்ட் வேலை பார்க்கும் பிஜ்லி மிஸ்திரி பக்கத்துத் தீவு கமோர்ட்டாவிலிருந்து படகில் வரவேண்டும். அந்த மழையில் படகு ஏது? வேறு ஆட்கள் என்றால் பேசாமல் இருட்டில் இருந்திருப்பார்கள். நாம் ரப்பர்க்காரர்கள். "கரண்டுக்கு எமன் ரப்பர். நம்மகிட்ட இல்லாத ரப்பரா மச்சான்?" என்றாய். முந்தின நாள் உருளையில் கொடுத்து எடுத்த ஷீட்டில் நான் ஒரு துண்டு அறுத்து வந்தேன். ஜெனரேட்டர் ஓடாத பகல் நேரம். நீ சுற்றினாய், நான் சணலால் இறுக்கிக் கட்டினேன்.

என் தங்கச்சி, அதுதான் உன் பெண்சாதி, இடுப்பில் கூடையோடு நின்று பார்த்தாள்.

"வெள்ளையா இருக்கே அண்ணே. இன்னும் புகை காட்டலயா?"

"கரண்டுக்கு நெறம் தெரியுமாடி?" என்று நீ கேட்டாய். நான் சிரித்தேன்.

புகைவீட்டில் தொங்கித் தேன் நிறம் வராத ஷீட்டுக்குள் தண்ணியும் நிற்கும், பால் உறைய ஊற்றிய ஆசிட்டும் நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தொட்டே அதைச் சொல்லிவிடுவோம் நாம். விற்கிற சரக்கென்றால் கழித்துப் போட்டிருப்போம். கரண்டுக்கு மட்டும் ரப்பர் என்ற பேரே போதும் என்று நினைத்துவிட்டோம்.

துணி காயப்போடும் கம்பியும் அதே இரும்புக் கம்பத்தில்தான் கட்டியிருந்தது. சாயந்திரம் ஜெனரேட்டர் போட்டபின் தூறல் விழுந்தது, துணி எடுக்கப் போனேன். கம்பி என் கையை விடவில்லை. வாய் திறக்கிறது, சத்தம் வரவில்லை. "மெயினை அமத்துங்க! மெயினை அமத்துங்க!" என்று தங்கச்சி கத்தினாள். மெயின் சுவிட்ச் இருந்தது லயத்துக் கோடியில். நீ அங்கே ஓடவில்லை. காலில் ரப்பர் செருப்பு கிடக்கிற தைரியத்தில் நேரே என்மேல் பாய்ந்தாய். நான் சேற்றில் போய் விழுந்தேன். உன் வலது கை கம்பியைப் பிடித்துக்கொண்டது. யாரோ ஓடிப்போய் மெயினை அமத்தும்வரை அங்கேயே இருந்தது.

போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வந்தாய். உள்ளங்கைத் தோல் சுருங்கி, விரலெல்லாம் மடங்கியே நின்றுவிட்டது. பால் கத்தி பிடிக்க முடியாது என்று களை வேலைக்கு மாற்றினார்கள். பார்க்க வந்தவர்கள் எதிரிலேயே அவளிடம் சொன்னாய்: "ஒங்கண்ணனப் பிடிச்ச கை புள்ள, இனி வேற யாரையும் பிடிக்காது."

"அப்ப நான் நிம்மதியா இருக்கலாம்" என்றாள் அவள். காம்பராவே சிரித்தது. நான் எழுந்து வெளியே போனேன்.

நீ ஒரு நாளாவது என்னைத் திட்டியிருக்கலாம். என் மரங்களுக்குப் போகிற வழி உன் மரங்களுக்கு ஊடேதான். அவற்றில் வேறொருவன் பால் வெட்டிய கோடு, உன் கோடு மாதிரி இல்லை; பட்டை காயப்பட்டுக் கிடக்கும். வேலை கிடைத்தது என்று சொல்லிப் போர்ட் பிளேருக்கு வந்தேனே, அந்தக் கோடுகளைப் பார்க்கமுடியாமல்தான் வந்தேன்.

கடல் ஊருக்குள் ஏறின அன்று, தங்கச்சி என் பேத்தி காதுகுத்துக்கு வந்து இங்கே இருந்தாள். ஆடுகளைப் பார்க்க ஆளில்லை என்று நீ அங்கே நின்றுவிட்டாய். தென்னையைக் கட்டிப் பிடித்தவர்கள் சிலர் பிழைத்தார்கள் என்று கட்சாலிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். நீ எங்கே இருந்தாய் என்று பார்த்தவர் இல்லை. எனக்கு அந்தத் தென்னையில் உன் இடது கை மட்டும்தான் தெரிகிறது, மச்சான்.

மழை பிடித்தால் கையைத் துடைத்துக்கொண்டு மெயின் சுவிட்ச் பக்கம்தான் முதலில் போகிறேன். உள் அறையிலிருந்து தங்கச்சி குரல் வரும்.

"அண்ணே, மெயினை அமத்தியாச்சா?"

"அமத்தியாச்சு."

அதற்குமேல் அவள் கேட்பதில்லை. உன் கையைப் பற்றி இத்தனை காலத்தில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அன்று அந்தக் கம்பத்தடியில் நின்றவர்களில், என்னைக் கேட்பதற்கென்று இன்னும் உயிரோடிருப்பது ஒருத்திதான். உன் செல்லம்மா.