பதினான்காவது வீடு

இன்று காலைப் பத்திரிகையில் அந்த விளம்பரம் மறுபடியும் வந்திருக்கிறது. இனி வேண்டாம் என்று போன மாதமே சொல்லிவிட்டேன். மூன்று ஞாயிறுக்கு எழுதிக் கொடுத்தால் மூன்று ஞாயிறும் வரும், இடமில்லாமல் தள்ளிப்போனாலும் வரும் என்றார்கள். "வீட்டு உதவித் திட்டத்துக்கு மேலாளர் தேவை. பட்டதாரியாகவும், நேர்மையும் கண்ணியமும் உடையவராகவும், ஆங்கிலம் தமிழ் இரண்டிலும் தேர்ச்சி பெற்றவராகவும் இருத்தல் வேண்டும்." இரண்டு மனை விற்பனை விளம்பரங்களுக்கு நடுவே, கட்டம் போட்டு. நீ இருந்திருந்தால் இதைச் சத்தமாகப் படித்துக் காட்டியிருப்பாய். "இன்னா மேடம், வேலைக்கு ஆள் தேடறியா, மாப்பிள்ள தேடறியா?" என்று கேட்டிருப்பாய்.

தேடியது உன் இடத்துக்கு ஆள். நீ கண்மூடி ஏழு மாதம் ஆகிறது. இனி விளம்பரம் வேண்டாம் என்று நான் ஏன் சொன்னேன் என்பதை உன்னிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. வேறு யாரிடம் சொன்னாலும் எனக்கு ஆறுதல் சொல்வார்கள். நீ சொல்ல மாட்டாய்.

என் கணவர் இறந்த வருஷம் நீ ஆம்பூரிலிருந்து பஸ் ஏறி வேலூர் சத்துவாச்சாரியில் என் வீட்டுக்கு வந்தது நினைவிருக்கிறது. கான்வென்டில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அதன்பின் நாற்பது வருஷம் பண்டிகை வாழ்த்தோடு நின்றுபோன பழக்கம். வந்தவள் துக்கம் விசாரிக்கவில்லை. "இப்டியே உக்காந்திருந்தா நீ கடிகாரத்துக்கு சாவி குடுத்தே கெழவியாய்டுவ. எங்கூட வா, வேலை இருக்கு" என்றாய். அந்த வேலைதான் இது. தோல் பதனிடும் ஷாப்பிலும் செருப்புக் கம்பெனியிலும் வேலை செய்கிறவர்களின் வீடுகளை மழைக்காலத்துக்கு முன்பு பார்த்து, விழப்போகும் சுவரையும் ஒழுகும் கூரையையும் சரிசெய்து தருவது. பச்சைத் தோலுக்குப் போடும் உப்பு மண்ணில் இறங்கி, மண்ணிலிருந்து சுவரில் ஏறி, அடிச் செங்கல்லை மாவாக்கிவிடும் என்பதை நீ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நீ மேலாளர். நான் தலைவர். கடிதங்கள் என்னுடையவை, வீடுகள் உன்னுடையவை.

ஆம்பூர் வரும்போதெல்லாம் நான் சந்து முனையில் காரில் உட்கார்ந்திருப்பேன். நீ உள்ளே போவாய். ஒருமுறை நானும் வருகிறேன் என்று இறங்கினேன். "வேணாம் மேடம். உன் புடவ மடிப்பப் பாத்தா கரன்ட்ட புடுங்க வந்திருக்காங்கன்னு ஜனங்க பயந்துக்கும்" என்றாய். சிரித்துக்கொண்டே திரும்ப ஏறிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், நீ தடுத்தது எனக்கு வசதியாக இருந்தது. இருபத்திரண்டு வருஷம் அந்த வசதியில் உட்கார்ந்திருந்தேன்.

விதிகளை எழுதியதும் நான். இந்தத் திட்டத்தில் சம்பளம் வாங்குகிறவர் வீட்டுக்குத் திட்டத்தின் உதவி கிடையாது என்பது அதில் முதல் விதி. நாளைக்கு ஒருவரும் நம்மை விரல் நீட்டிப் பேசக் கூடாது என்று விளக்கினேன். நீ கண்ணாடியைத் தூக்கி வைத்துப் படித்துவிட்டு, "ஆக, என் வீட்டுக் கூரைக்கு நீயே பூட்டு போட்ட" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாய். வழக்கமான கேலி என்று நினைத்தேன். உன் நாற்பதாம் நாளில் ஃபாத்திஹா ஓத அழைத்திருந்தார்கள்; அதற்கு வந்தபோதுதான் உன் வீட்டின் முன்னறையைத் தாண்டி உள்ளே போனேன். சமையலறை ஓட்டின் மேல் நீலத் தார்ப்பாய், அதன்மேல் கல். ஒரு மூலையில் சுவர் முழங்கால் உயரத்துக்குக் காரை உதிர்ந்து கிடந்தது. உன் தங்கை எனக்கு நாற்காலி போட்டாள். உட்கார முடியவில்லை.

அப்படிப்பட்ட நான்தான் உன் இடத்துக்கு ஆள் எடுக்க உட்கார்ந்தேன்.

முதலில் வந்தவரை உனக்குப் பிடித்திருக்காது. எனக்கு மிகவும் பிடித்தது. சென்னைக்காரர், நாற்பது வயது இருக்கும். நான் உட்காரச் சொன்ன பிறகே உட்கார்ந்தார். அழகான ஆங்கிலம். கொடுத்த தேநீரைச் சத்தமில்லாமல் குடித்தார். அன்றே வேலை கொடுத்தேன். உன் சுருக்கெழுத்துக் குறிப்புகளையும் எண்ணெய்க் கறை படிந்த பட்டியலையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அவர் தட்டச்சு செய்து அனுப்பிய முதல் அறிக்கை விருந்தாக இருந்தது. மனம் விட்டுச் சொல்கிறேன்: இத்தனை நாள் இப்படி ஒருவர் இல்லாமல் போனோமே என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

இரண்டாவது அறிக்கையில், உன் கடைசிப் பட்டியலிலிருந்த பதினான்கு வீடுகளை அடித்துவிடலாம் என்று எழுதியிருந்தார். எல்லாம் ஒரே பகுதி, பழைய சந்துகள். காரணமும் கொடுத்திருந்தார். இரண்டு முறை நேரில் போனாராம். உள்ளே ஆள் இருப்பது தெரிந்தும் கதவு திறக்கவில்லை; தான் கூப்பிட்டதும் உள்ளிருந்து கதவுச் சங்கிலியை இழுத்துத் தாழிட்டுக்கொண்டார்கள்; ஆகவே உதவி பெற விருப்பமில்லை. பதினான்கு வீட்டுக்கும் இதே வாசகம். படித்தேன். அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோலத் தெளிவான அறிக்கை. கையெழுத்துப் போட்டேன்.

பத்து நாள் கழித்து மெஹருன் வந்தாள். உனக்குத் தெரியும், வீட்டிலேயே செருப்பு மேல்பாகம் தைக்கிறவள், கணவன் இல்லாதவள், இரண்டு பெண்கள். எனக்கு அவள் பட்டியலில் பதினான்காவது பெயர், அவ்வளவுதான். இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். புர்காவின் ஓரத்தில் வழிப்புழுதி. தண்ணீர் கொடுத்தேன்; குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டாள்.

"நாங்க இன்னா தப்பு பண்ணோம்மா? எல்லாரு வீட்டையும் லிஸ்ட்லேர்ந்து எடுத்துட்டாங்கன்னு சொல்றாங்க."

நீதான் கதவைத் தாழிட்டுக்கொண்டாயாமே என்று, எனக்கே உரிய அந்தக் குரலில் கேட்டேன். அவள் என்னை விளங்காமல் பார்த்தாள். பிறகு விளங்கிவிட்டது. தண்ணீரைக் கீழே வைத்தாள்.

"தாழ் போடலைம்மா. சங்கிலிய ஆட்டினோம். ஆம்பள இல்லாத நேரத்துல வேத்து ஆம்பள வந்து கூப்ட்டா எங்க சந்துல பொம்பளைங்க கொரல் குடுக்க மாட்டோம். சங்கிலிய ஆட்டுவோம். உள்ள பொம்பளைங்கதான் இருக்கோம், சாயங்காலம் வாங்கன்னு அர்த்தம். பால்காரருக்குத் தெரியும், கொத்தனாருக்குத் தெரியும். இவரு சத்தம் கேட்டதும் போய்ட்டாரு. மறுபடி பகல்லயே வந்தாரு. மறுபடி ஆட்டினோம். வீடு வீடா பதில் சொன்னோம்மா."

நீ பெண். நீ போனால் திரையை விலக்கி உள்ளே கூப்பிட்டுவிடுவார்கள். சங்கிலிக்கு அங்கே வேலையே இருந்திருக்காது. அதனால் என்னிடம் சொல்லவும் உனக்குத் தோன்றியிருக்காது. ஆனால் நான் ஒரே ஒரு நாள் காரிலிருந்து இறங்கி அந்தச் சந்தில் நடந்திருந்தால் என் காதாலேயே கேட்டிருப்பேன்.

மேலாளரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "எனக்குத் தெரியாது. நீங்க சொல்லியிருக்கலாமே மேடம்" என்றார். அன்றே பதினான்கு பெயரையும் பட்டியலில் மறுபடி சேர்த்தேன். அந்த மாதமே சென்னைக்குப் போய்விட்டார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

அதற்குள் மழைக்காலம் நெருங்கிவிட்டது. நமக்கு நிதி தருகிறவர்கள் எழுதினார்கள்: மாதக் கடைசிக்குள் மேலாளரின் பெயரைத் தெரிவிக்காவிட்டால் திட்டத்தை இத்துடன் முடித்துக்கொள்வார்களாம். மேலாளர் கையெழுத்தில்லாமல் ஒரு செங்கல்லும் இறங்காது. தலைவராகிய நானே அந்த வேலையைப் பார்க்கக் கூடாது என்பதும் நான் எழுதிய விதிதான். விளம்பரத்தைக் கொடுத்தேன். வந்தவர்களில் ஒருத்தி வேலூரிலேயே உட்கார்ந்து பார்க்கிற வேலையா என்றாள். ஒருவர் தோல் ஷாப் வாடை தனக்கு ஆகாது என்றார். இன்னொருவர் என் விதிகளைப் படித்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர் வரவே இல்லை. இரண்டாவது ஞாயிறு கடந்தபோது மாதம் முடிய நான்கு நாள் இருந்தது. எழுபத்தெட்டு வயதில் ஆளில்லாத வரவேற்பறையில், இஸ்திரி போட்ட புடவையோடு, காலிங்பெல் அடிக்குமா என்று காத்திருந்தேன். அப்படி ஒரு நிலை எனக்கு வரும் என்று நீகூட நினைத்திருக்க மாட்டாய்.

மெஹருன் என்னைப் பார்க்க வந்த அன்று, கிளம்புமுன், பதினான்கு வீட்டையும் எனக்கு மனப்பாடமாகச் சொல்லியிருந்தாள். யார் வீட்டில் எந்தப் பக்கச் சுவர், எவ்வளவு உயரம் உப்பு ஏறியிருக்கிறது, எந்த வீட்டுக்குள் எத்தனை மணிக்குப் போனால் ஆள் இருக்கும், யார் கஷ்டத்தைக் கூட்டிச் சொல்வார், யார் சொல்லவே மாட்டார். நான் கேட்காமலே. காத்திருந்த நேரமெல்லாம் அந்தக் குரல் என் காதில் இருந்தது. அவள் பட்டதாரி இல்லை. எனக்குத் தேவைப்பட்ட ஆள் அவள்தான் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த அந்த நொடியே முதல் விதியும் ஞாபகம் வந்தது.

நிதி தருகிறவர்களுக்குப் போன் செய்தேன். வாழ்க்கையில் யாரிடமும் கெஞ்சாதவள், கெஞ்சினேன். பட்டப்படிப்பை விட்டுக்கொடுக்கச் சம்மதித்தார்கள். விதியை இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் தளர்த்த முடியுமா என்று கேட்டபோது, மறுமுனையில் இருந்த பெண் மிகவும் மரியாதையாகச் சொன்னாள்: "இது எங்க விதி இல்லையே மேடம், நீங்கதானே வேணும்னு கேட்டு வெச்சீங்க?"

மறுநாள் பகலில் ஆம்பூர் போனேன். சந்து முனையில் இறங்கினேன். கால்வலியோடு நடந்தேன். மெஹருன் திரையை விலக்கி என்னை உள்ளே உட்கார வைத்தாள். தையல் மிஷினுக்குப் பின்னால் அவள் சொல்லியிருந்த மேற்குச் சுவர், இடுப்பு உயரம்வரை உப்பு பூத்து, நடுவில் வயிறு தள்ளி நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே கேட்க வேண்டியிருந்தது. முதல்முறையாக அவளை 'நீங்க' என்றேன். வேலையைச் சொன்னேன். விதியையும் சொன்னேன். என் சொந்தச் செலவில் சுவரைக் கட்டித் தருகிறேன் என்றும் சொன்னேன்.

"அப்டி செஞ்சா மத்த பதிமூணு வீட்டுக்காரங்க என்ன எந்தக் கண்ணால பாப்பாங்கம்மா? நாளைக்கு நான் எப்படி அவங்க வாசல்ல போய் நிப்பேன்?"

இதே வாதத்தைத்தான் அன்று உன்னிடம் நான் சொன்னேன். இவள் வாயில் கேட்டபோது அது வேறு எடையில் இருந்தது. சம்பளம் வந்ததும் சுவரை நீங்களே கட்டிக்கொள்ளலாமே என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, சம்பளம் வருமுன் மழை வந்துவிடும்.

அவள் மிஷின் சக்கரத்தைக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"நான் வரலன்னா?"

"பதினாலும் போகும்."

"வந்தா பதிமூணு நிக்குமா? மழைக்கு முன்னாடி?"

"நிற்கும்."

"அப்ப எழுதிக்குங்கம்மா." பிறகு, எனக்காகச் சொல்வதுபோல, "இதுக்கு மேலயும் பேஜார் பண்ணிக்காதீங்க. வீட்ல மூஞ்சிய தூக்கி வெச்சிக்கிட்டு உக்காந்திருக்கீங்க, பொண்ணுங்க பயந்துக்கப் போவுது" என்றாள். உன் ஊர்க்காரிதான்.

பதினான்காவது பெயரை என் பேனாவால் நானே அடித்தேன். கோடு நேராக விழவில்லை. மழைக்காலம் முடியும்வரை பெண்களோடு என் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று அழைத்தேன். சந்தில் இருந்தால்தான் வேலை நடக்கும் என்றாள். பெண்களையாவது என்றேன். பள்ளிக்கூடம் இங்கேதானே என்றாள். மிஷினை மட்டும் அந்தச் சுவரை விட்டுத் தள்ளிப் போட்டிருக்கிறாள். மூன்று பேரும் வாசல் பக்கம் படுக்கிறார்களாம்.

ஒன்பது வீடு முடிந்துவிட்டது. நான்கு வீட்டில் கொத்தனார் வேலை நடக்கிறது. அவள் அனுப்பும் குறிப்புகள் உன்னுடையதைப் போலவே கறையோடுதான் வருகின்றன. ஒன்றைக்கூட நான் திருத்துவதில்லை.

நீ இருந்தால் கேட்க வேண்டும் என்று ஒன்று வைத்திருக்கிறேன். உன் ஓட்டின் மேல் தார்ப்பாயைப் போட்ட அன்று என்மேல் உனக்குக் கோபம் வந்ததா? வந்திருந்தால் ஏன் சொல்லவில்லை? அதற்குப் பதில் கிடைக்காது என்பதால், கேட்கக்கூடிய ஒரே ஆளிடம் கேட்கக்கூடிய ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தினமும் காலை ஏழு மணிக்கு மெஹருனுக்குப் போன் செய்கிறேன். வேலையைப் பற்றி விசாரிப்பதுபோலத் தொடங்குவேன். அவளுக்குத் தெரியும். நான் சுவரைப் பற்றிக் கேட்குமுன்பே, "நிக்குதும்மா" என்பாள். அந்த ஒரு சொல்லை வாங்கி வைத்துக்கொண்டுதான் என் காப்பியைக் குடிக்கிறேன்.

நேற்று சாயங்காலம் பிடித்த மழை விடியும்போதுதான் விட்டது. மணி எட்டாகப் போகிறது. மெஹருனுக்கு இரண்டு முறை போன் அடித்தேன், எடுக்கவில்லை. சந்தில் எங்காவது ஒரு வீட்டில் இருப்பாள், கொத்தனாரோடு பேசிக்கொண்டிருப்பாள் என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். ஆம்பூர் போக டிரைவரை வரச் சொல்லியிருக்கிறேன். அவன் வருவதற்குள் இன்னொரு முறை அடிக்கிறேன்.