வாளி நுரையும் அண்ணையின் அப்பமும்

12 மார்ச் 2006, ஞாயிறு. ஈஸ்ட் ஹாம், லண்டன்.

பியர் போடுகிறேன் என்று வியாழன் அன்று டின்னிலிருந்த மால்ட் பாகை வெந்நீரில் கரைத்து, வாளியில் பச்சைத் தண்ணீர் சேர்த்து, ஈஸ்ட் தூவி மூடினேன். காய்ச்சத் தேவையில்லையாம். "காய்ச்சாததைக் குடிச்சு வயித்தாலை போகப்போகுது. அண்ணை வாறதுக்கு முதல் வெளியிலை கொண்டுபோய் ஊத்துங்கோ," என்றாள் மனைவி சுகந்தி. அவளுடைய அண்ணை, மது குடிக்கிறவர்களின் வீட்டில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார். வாளியை பாய்லர் அலுமாரிக்குள் ஒளித்துவிட்டேன்.

இன்று காலை அவருக்கு அப்பம் சுட்டாள். ஓரம் முறுகல், நடு பஞ்சு. அவர் இன்னொன்று கேட்டு வாங்கி, "ஊரிலை கள்ளு விட்டுப் புளிக்கவைச்ச மாதிரியெல்லோ இருக்கு! இஞ்சை கள்ளு எங்கை எடுத்தனி?" என்றார்.

"ஈஸ்ட் போட்டனான் அண்ணை," என்றாள், என்னைப் பார்க்காமலே.

அவர் போனபின் அலுமாரியைத் திறந்தேன். வாளியின் மூடியில் அரிசிமாக் கைவிரல்கள் பதிந்திருந்தன. நுரையை அள்ளி மாவில் கலந்திருக்கிறாள்! அவருக்குத் தெரிந்தால்... சரி, விடுவோம்.

பின்னால் வந்து நின்றாள். "என்ன பாக்கிறியள்? மூடியை இறுக்கி மூடுங்கோ. அண்ணை அடுத்த ஞாயிறும் வாறாராம்."