வளைந்த சங்கிலியின் ஐந்தாவது கார்பன்

அன்பு மகள் கௌதமிக்கு,

காலை ஷிப்டுக்குப் புறப்படுகிறேன். இன்று கல்லூரியில் நீ கொடுக்க வேண்டிய வேதியியல் நோட்டில், நேற்று நான் அடம்பிடித்து எழுதவைத்த '2-எத்தில் பியூட்டேன்' என்ற சேர்மப் பெயர் பிழை. "வளைஞ்சா இன்னாப்பா, நீளமான சங்கிலியத்தானே எண்ணணும்" என்றாய். நேராக நிற்கும் நான்கு கார்பனே தலைமைச் சங்கிலி என்று மேடைக் குரலில் முழங்கி உன் வாயை அடைத்தேன்.

இன்று ஆறு கார்பனுக்கு ஆறு ஊறிய கொண்டைக்கடலையை ஈர்க்குச்சியால் கோத்துப் பார்த்தேன். வளைவோடு எண்ணினால் சங்கிலியில் ஐந்து. நீ முதலில் எழுதி, என் கத்தலால் அழித்த '3-மெத்தில் பென்டேன்'தான் சரி; திருத்திக் கொடு.

மிச்சக் கடலையை அவித்து வைத்திருக்கிறேன். வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டுக் கனகவல்லி அத்தையிடம் கொடுத்துவிட்டுப் போ.

தோற்ற பேச்சாளன்,
அப்பா

பி.கு.: எவர் சொன்னாலும் கேள்வி கேளுங்கள் என்று ஊரெல்லாம் பேசுகிறேன். வீட்டில் நீ கேட்டாய், நான் கத்தினேன். அடுத்த முறை நான் எவ்வளவு கத்தினாலும் ரப்பரை எடுக்காதே.