ஒழுங்கை அளந்த நாள்

மச்சாள்,

இன்று விடிய சாமி விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தபோது தார் மணம் வந்தது. சாம்பிராணியையும் மீறிக்கொண்டு வேலிக்கு மேலால் ஏறி வந்தது. ஒழுங்கைக்குத் தார் ஊற்றுகிறார்கள். வெள்ளைக்காரனின் யுத்தத்துக்கு வந்த பட்டாள லொறிகள் வாவிக்கரைக்குப் போய் வருகின்றனவாம், கல்லுப் போட்ட பாதை தாங்கவில்லையாம். பீப்பாவில் கொதிக்கிற தாரைப் பார்க்கப் பிள்ளைகள் கூட்டமாய் நிற்கிறார்கள். ஒருவன் அளவுச் சங்கிலியைத் தரையில் இழுத்துக்கொண்டு போனான். அந்தச் சத்தத்தில் என் கையிலிருந்த எண்ணெய் தளும்பிவிட்டது. நான் அதைக் கடைசியாகக் கேட்டது நீ இருந்தபோது.

அரிசி, எண்ணெய், தேங்காய் என்று கணக்கு எழுதிப் பழகிய கை இது. மடல் எழுதிப் பழக்கமில்லை. பள்ளிக்கூடம் போகாமல், அம்மாவின் பழைய தோத்திரப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கற்றுக்கொண்டவள் நான். அதற்கும் நீ சிரித்தாய். "உப்புக்கும் புளிக்கும் எழுத்து எதுக்கு கா, நாக்குப் போதாதா?" என்றாய். இன்று உனக்கே எழுதுகிறேன்.

அந்த நாளில் உன் வேலிக்கும் என் வேலிக்கும் நடுவில் கிடந்ததை ஒழுங்கை என்று சொல்வதே பெரிய பேச்சு. எதிரே ஒரு ஆள் வந்தால் மற்ற ஆள் கிடுகு வேலியில் முதுகைச் சாய்த்து வழிவிட வேண்டும். மாரியில் வாவித் தண்ணீரும் மழைத் தண்ணீரும் ஒன்றாகி முழங்காலுக்கு நிற்கும். என் அம்மாவுக்கு மூச்சு முட்டிய அன்று வண்டில் பெரிய ரோட்டிலேயே நின்றுவிட்டது. கதிரையில் இருத்தித் தூக்கிக்கொண்டு போனார்கள். நடுவழியில் என் புருசனுடைய கால் வழுக்கி, கதிரையோடு அம்மா சேற்றில் முகம் குப்புற விழுந்தா. தூக்கி நிமிர்த்தும்போது உயிர் இல்லை. வாய்க்குள் இருந்த சேற்றை விரலால் வழித்துத் துடைத்தவள் நீ.

அதனால்தான் ஊர்ச் சபையிலிருந்து ஒழுங்கையை அகலமாக்கப் போகிறார்கள் என்று கேட்டதும் அம்மன் கோயிலுக்கு ஓடிப்போய்க் கற்பூரம் கொளுத்தினேன். உன் புருசனுக்கும் அது வேண்டியிருந்தது. தன் வண்டிலையும் மாடுகளையும் இரவெல்லாம் ரோட்டோரத்தில் விட்டுவைக்க வேண்டியிருக்கிறதே என்று அந்த மனிசனுக்கு நெடுநாள் மனக்குறை. நீ ஒருத்திதான் மறித்தாய். வேலியோரத்துத் துண்டு உன் மகளுக்கு என்று விட்ட நிலம். அதில் வீடு எழும்பாவிட்டால் அவளைக் கட்ட எவன் வருவான்? வீடில்லாத பெண்ணுக்கு இந்தக் கரையில் மாப்பிள்ளை இல்லை. நான் உன்னிடம் வந்து, அம்மாவை நினைத்தாவது விட்டுக்கொடு என்று கெஞ்சினேன். நீ உலக்கையை நிறுத்தாமலே சொன்னாய்: "பாதை வேணுமெண்டா உன்ட பக்கத்த வெட்டச் சொல்லன் கா. உனக்கு ரெண்டும் ஆம்பிளப் புள்ளைகள்தானே. அவனுகள் போற இடத்தில வீடு இரிக்கும்." என் அம்மா நட்ட தேசிக்காய் மரங்கள் அந்தப் பக்கத்தில் நின்றன. எனக்குக் கோபம் வந்தது. பிறகு நாம் பேசாமல் இருந்தோம்.

ஒழுங்கை முனையில் வாகை மரத்தடியில் கூட்டம் வைத்தார்கள். சபையின் பெரியவர் ஒருவர், பாதை வேலையை மேற்பார்க்கிற ஓவசியர், கடதாசியோடு ஒரு எழுதுவினைஞர், சங்கிலியும் முளைக்கட்டைகளும் கொண்ட கூலியாட்கள். நம் ஆண்கள் நீட்டுப் பலகை வாங்கில்களில் இருந்தார்கள். பெண்கள் நாம் வேலிக்குள்ளே நின்று கேட்டோம். முதலில் தண்ணீர் வடிய வாய்க்கால் வேண்டும் என்றார்கள், பிறகு விளக்குக் கம்பம் வேண்டும் என்றார்கள். எல்லாவற்றுக்கும் பெரியவர் தலையாட்டினார். கிழக்குப் பக்கத்தில் நிலம் எடுத்தால் பாதை நேராக வரும் என்று ஓவசியர் சொன்னார். கிழக்குப் பக்கம் உன் பக்கம். கடைசியில் பெரியவர் கேட்டார், கிழக்குப் பக்கத்துக் காணிக்காரர் யார் என்று.

வெளியூரிலிருந்து வந்த அந்த ஐயாவுக்கு எப்படித் தெரியும், இந்த ஊரில் வீடும் வளவும் தாயிடமிருந்து மகளுக்குத்தான் இறங்கும், புருசன் என்பவன் அங்கே குடியிருக்க வந்தவன் என்று? தெரிந்த ஆண்கள் இத்தனை பேர் இருந்தும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. உன் புருசன் எழும்பினார். கல்யாணம் கட்டி வந்த நாளிலிருந்து அந்த மனிசனை ஒருவரும் காணிக்காரர் என்று கூப்பிட்டதில்லை. சால்வையைச் சரிசெய்துகொண்டு நடந்துபோய், கொடுத்த பேனையை வாங்கி, கடதாசியில் கையெழுத்து வைத்தார். பெரியவர் கை கொடுத்தார். அந்த முகத்தில் வந்த சந்தோசத்தை நான் வேலி இடுக்கால் பார்த்தேன். பாவமாகவும் இருந்தது.

நீ படலையைத் திறந்துகொண்டு வந்தாய். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாய். கத்தவில்லை.

"ஐயா, அந்தக் கடதாசியக் கிழிங்க. இது என்ட அம்மா எனக்குத் தந்த வளவு. இவர் வரக்குள்ள ஒரு பெட்டியும் ஒரு பாயும் கொண்டு வந்தவர். வேணுமெண்டா அந்தப் பாயில ரோட்டப் போடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். வாங்கிலில் இருந்தவர்கள், கூலியாட்கள், வாயைப் பொத்திக்கொண்டு அந்த எழுதுவினைஞர். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் உன் புருசன் முளை அடிக்கிற மரச்சுத்தியலைக் கூலியாளின் கையிலிருந்து பறித்து உன் முகத்தில் அடித்தார்.

தாடை உடைந்த சத்தம் காய்ந்த கொள்ளி முறிவது போலக் கேட்டது. நீ விழவில்லை. இரத்தத்தையும் பல்லையும் துப்பிவிட்டு, குனிந்து தரையில் கிடந்த ஒரு முளையை எடுத்து அந்த மனிசனுடைய நெஞ்சில் குத்தினாய். அதற்குள் என் புருசன், உன் தம்பி, வேலியில் நின்ற கதியாலை வேரோடு பிடுங்கிக்கொண்டு பாய்ந்தார். முதல் அடி முதுகில் விழுந்தது. அடுத்தது தலையில். உன் புருசன் விழுந்தபிறகும் அடி நிற்கவில்லை. கதியால் நடுவில் முறிந்தது. முறிந்த கூர்முனையாலும் குத்தினார். அது கண்ணுக்குள் போனது. "அக்காக்கு அடிப்பியா, அக்காக்கு அடிப்பியா" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே குத்தினார். நான் வேலிக்குள் நின்று அம்மாளே, அம்மாளே என்று கூப்பிட்டேன்.

ரோட்டிலிருந்து உன் புருசனுடைய கூட்டாளிமார், மற்ற வண்டில்காரர்கள், சாட்டைக் கம்புகளோடு ஓடிவந்தார்கள். நம் ஆட்கள் வாங்கில்களை உடைத்துக் கால்களைப் பிடுங்கினார்கள். யாரோ அளவுச் சங்கிலியைச் சுழற்றினான். அது சபைப் பெரியவரின் நெற்றியைப் பிளந்தது. யாரை யார் அடித்தார்கள் என்று அடித்தவர்களுக்கே தெரியாது. மையும் இரத்தமும் அந்தக் கடதாசியில் ஒன்றாய் ஊறின. பொலிஸ் வந்து ஊதல் ஊதியபோது உன் வேலியும் என் வேலியும் தரையில் கிடந்தன. நான் பிறந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் அந்த ஒழுங்கை அகலமாகத் தெரிந்தது.

என் புருசனை விலங்கு போட்டு மறியலுக்குக் கொண்டுபோனார்கள். உன் புருசனுக்கு ஒரு கண் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே குருக்கள்மடத்தில் தன் தங்கச்சி வீட்டுக்குப் போனவர், திரும்பி வரவில்லை. பெட்டியையும் பாயையும் நீ வண்டிலில் ஏற்றி அனுப்பினாய். உன் தாடையைத் துணியால் கட்டியிருந்தார்கள். நான் கஞ்சி வடித்துக் கொண்டுவந்து ஓலைக் குழலால் ஊட்டினேன். நாம் பேசாமல் இருந்தது அப்படித்தான் முடிந்தது, ஒருத்திக்குப் பேச வாயில்லாதபோது.

மழைக்கு முன் அந்தப் பெரியவர் மறுபடியும் வந்தார். நெற்றியில் தழும்பு. இந்தமுறை ஆண்களைத் தேடவில்லை. படலைக்கு வெளியே நின்று, உன்னையும் என்னையும் கூப்பிடச் சொன்னார். காணி உங்களுடையது என்று விசாரித்து அறிந்தேன், உங்கள் சம்மதம் என்ன என்று கேட்டார். உனக்காகவும் நானே பேச வேண்டியிருந்தது. உன் முகத்தைப் பார்த்தேன். நீ இல்லை என்று தலையசைத்தாய். கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. உன் பின்னால் உன் மகள், தாவணி போட்ட பிள்ளை, உன் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஐயா, என்ட பக்கத்தில எடுங்க" என்றேன்.

கையெழுத்தை நானே எழுதினேன். தேசிக்காய் மரங்களை அன்றைக்கே வெட்டினார்கள். நீ கட்டிய பல்லிடுக்கால் ஒன்று சொன்னாய். "மறுகா திருப்பித் தா எண்டு சண்டைக்கு வராத." நான் சிரித்தேன். நீயும் சிரிக்கப் பார்த்தாய், நோவில் உன் கண்ணால் தண்ணீர் வந்தது. அந்தத் துண்டை நான் கொடுத்த கணக்கிலும் எழுதவில்லை, இழந்த கணக்கிலும் எழுதவில்லை. உன் வேலியடியில் ஒழுங்கை நேராகப் போகாமல் என் வளவுக்குள் வளைகிறது. வண்டில்காரர்கள் அந்த வளைவில் ஏசாமல் திரும்புவதில்லை. சில்லு என் குசினிச் சுவரோடு உரசிப் போகும்போது சட்டி பானை அதிரும்.

அந்தத் துண்டில் உன் மகளுக்கு வீடு எழும்பியது. அவளுக்கு மாப்பிள்ளையும் வந்தான். கோணிப்போன தாடையோடு நீ ஆரத்தி எடுத்தாய். அடுத்த மாரியில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது.

உன்னை மகளின் புது வீட்டு முற்றத்தில் கிடத்தியிருந்தோம். என் புருசன், மறியலால் வந்து தலை நரைத்துப்போயிருந்தவர், உன் தலைமாட்டில் இருந்தார். பறை அடங்கிய நேரத்தில் யாரோ வந்து என் காதில் சொன்னார்கள், உன் புருசன் வெளியே நிற்கிறார் என்று. போய்ப் பார்த்தேன். ஒழுங்கையில், அந்த வளைவில், சால்வையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். படலைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. சபையின் பாதையில் நிற்பவனை யாரும் போ என்று சொல்ல முடியாது, அதற்கு மேல் வர அந்த மனிசனுக்கு உரிமையும் இல்லை. என்னைக் கண்டதும் ஒற்றைக் கண்ணைத் தாழ்த்தினார். கூப்பிடுவதும் விரட்டுவதும் என் கையில் இல்லை. அது என் வீடு இல்லை.

உன் மகளிடம் போய்ச் சொன்னேன். அழுதுகொண்டிருந்தவள் நிறுத்தினாள். முகத்தைத் துடைத்தாள்.

"வந்து அம்மாட முகத்தப் பாத்திட்டுப் போகட்டும் மாமி" என்றாள். "இரிக்கச் சொல்லாதீங்க."

கூட்டம் விலகி வழிவிட்டது. உன் புருசன் வந்து உன் காலடியில் நின்றார். தலைமாட்டில் என் புருசன். நடுவில் நீ, தாடையைக் கட்டிய வெள்ளைத் துணியோடு. அன்றைக்கு வேலிக்குள் நின்றவள் நான். இந்தமுறை போய் என் புருசனுக்குப் பக்கத்தில் குந்தி அவரது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அது நடுங்கியது. ஆத்திரமா, செய்ததை நினைத்தா, எனக்குத் தெரியவில்லை. உன் புருசன் பார்த்து முடித்துத் திரும்பிப் போய், படலை சாத்தும் சத்தம் கேட்கும்வரை நான் விடவில்லை.

ஏன் நடுங்கியது என்று நான் என் புருசனிடம் கேட்கவே இல்லை, மச்சாள். அவரும் சொல்லவில்லை. கும்பிடக் கை கூப்பும் போதெல்லாம் அந்த நடுக்கம் என் உள்ளங்கைகளுக்கு நடுவே இருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் அம்மனுக்கு முன்னால் கொண்டுபோய் நிற்கிறேன்.