முறிந்த காலும் மும்தாஜ் அக்கா கொடுத்த நாவல்களும்

ஜன. 20, செவ்வாய்

காலையில் பனிமூட்டம். லைட்ஹவுஸ் பாதிதான் தெரிந்தது. மாவுக்கட்டுக்குள் அரிப்பு. தென்னங்குச்சி விட்டுச் சொறிந்தேன்.

முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து ஒரு மாதத்துக்கு மேல். கால் முறிந்தது குப்பம் முழுக்கத் தெரியும். கவிழ்ந்த படகுக்கு அடியில் மாட்டிக்கொண்டு, மேல் எது கீழ் எது என்று தெரியாமல் கிடந்தது எனக்கு மட்டும் தெரியும். இப்போதும் அலைச் சத்தம் கேட்டால் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொள்கிறேன்.

மதியம் என் வீட்டுக்காரி தேசம்மா மீன் கூடையில் ஒரு பையோடு வந்தாள். பழவேற்காடு டவுனில் அவளிடம் வாடிக்கையாக மீன் வாங்கும் மும்தாஜ் அக்கா கொடுத்தது. அக்காவின் தம்பி துபாய் போகும்போது விட்டுப்போன நாவல்கள். படுத்தே கிடக்கிற மனுசனுக்குப் பொழுது போகட்டும் என்றாராம். எல்லாவற்றிலும் மீன் வாடை. பத்தாவதுக்குப் பிறகு பேப்பர் தவிர நான் எதையும் படித்ததில்லை.

ஜன. 22

துப்பறியும் நாவல். லாட்ஜில் கொலை. சமையல்காரன்தான் என்று பாதியிலேயே முடிவு கட்டினேன். தே. (தேசம்மா) கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கதை கேட்டாள்.

"மேனேஜருதான் மாமா. ரொம்ப நல்லவனாட்டம் பேசறான் பாரு."

கடைசிப் பக்கம். மேனேஜர்தான்.

ஜன. 25, ஞாயிறு

தூறல். கருவாடு உள்ளே. பேய் நாவல், பட்டப்பகலில் படித்தும் உடம்பு சிலிர்த்தது.

மீன் ஏலத்தில் தே. இந்தக் கதையைத்தான் சொல்கிறாளாம். மீன்காரப் பெண்கள் எல்லோரும் பேய் கிணற்றைவிட்டு வந்ததா என்று கேட்கிறார்களாம். சீக்கிரம் படி என்று எனக்கு உத்தரவு. கல்யாணமாகி இவ்வளவு பேசினதில்லை நாங்கள்.

ஜன. 29

ராஜா காலத்து நாவல். மூன்று பாகம், இரண்டாவதைக் காணோம். முதல் பாகத்து முடிவில் ராணி பாதாளச் சிறையில். மூன்றாவதைத் திறந்தால் யானைமேல். நடுவில் நடந்ததை ஆளுக்கு ஒன்றாகக் கட்டினோம். அவள் கட்டினதுதான் நன்றாக இருந்தது.

வாங்க: வலி மாத்திரை, வெற்றிலை.

பிப். 2, திங்கள்

மச்சான் ஏழுமலை வந்தார். தே.யின் அண்ணன், படகில் என் கூட்டாளி. படகு தயாராம், கால் ஆறினதும் வந்துவிடு என்றார். காட்டுப்பள்ளி துறைமுகத்தில் காவல் வேலை இருக்கிறதாம், விசாரித்து வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் செத்துவிட்டது. அந்தத் துறைமுகம் பெரிதாகக் கூடாது என்று என்னோடு வெயிலில் போராட்டத்தில் உட்கார்ந்த மனுசன்.

"கால்தான் காரணமா, வேற எதுனா இருக்குதா?"

கால்தான் என்றேன். டீயைக் குடிக்காமல் போய்விட்டார்.

பிப். 6

கட்டுப் பிரித்தாயிற்று. கால் இறால் மாதிரி வெளுத்து, சுருங்கி.

வெளிநாட்டு நாவல், தமிழில் பெயர்த்தது. பெயர்கள் வாயில் நுழையவில்லை. முனுசாமி, கோவிந்தன் என்று நானே வைத்துக்கொண்டேன். பனி கொட்டுகிற ஊர். சண்டையிலிருந்து வீடு திரும்பிய சிப்பாய் ஒருவன். யாராவது கதவை அடித்துச் சாத்தினால் மேசைக்கு அடியில் போய்விடுகிறான். எழுதினவர் அவனைக் கோழை என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. அவனுக்குப் பயமாக இருந்தது என்று மட்டும் எழுதியிருக்கிறார்.

அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். யாரோ, எந்த ஊரோ. என்னைப் பார்த்திருக்கவே மாட்டார். கும்பிடத் தோன்றியது.

பிப். 8, ஞாயிறு

தே.யிடம் சிப்பாய் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். எங்கே வழுக்கியதோ தெரியாது. படகு வந்துவிட்டது, தண்ணீர் வந்துவிட்டது.

"இது புக்குல கீறதா, உன்னுதா?"

என்னுது என்றேன். அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தூக்கத்துல நீ கைய அடிக்கறத பாத்துக்கினுதான் கீறேன். நீயா சொல்லுவன்னு இருந்தேன்."

மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

பிப். 15

செவ்வாய் கிரகத்தில் குடியேறுகிற நாவல். அங்கே கடலே கிடையாது. குழம்புக்கு என்ன செய்வார்கள் என்பதுதான் தே.யின் கவலை.

அடுத்தது ஒரு பெண் எழுதிய குடும்ப நாவல். கொலை இல்லை, பேய் இல்லை, ஆனாலும் கீழே வைக்க முடியவில்லை. அந்த வீட்டில் ஒரு பெண் எல்லோருக்கும் எல்லாம் செய்கிறாள். உனக்கு என்ன வேண்டும் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. புத்தகத்தை மூடிவிட்டு யோசித்தேன். நானும் கேட்டதில்லை.

கேட்டேன். ஜுரமா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சாயங்காலம் பாத்திரம் துலக்கும்போது தானாகவே சொன்னாள்.

"பூநாரை பாக்கணும். மெட்ராஸ்லருந்து கார் போட்டுக்கினு வந்து பாக்கறாங்கோ. இங்கயே பொறந்த நான் கிட்டக்க போனதில்ல."

படகில்தான் போக வேண்டும். மூடின புத்தகத்தைத் திரும்பத் திறந்தேன்.

"ஏரிதான மாமா. இடுப்பளவு தண்ணி. உனுக்கு எப்ப முடியுதோ அப்ப."

பிப். 22, ஞாயிறு

கால் தாங்குகிறது. ஷேர் ஆட்டோவில் டவுன். மும்தாஜ் அக்காவிடம் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்தேன். அக்கா துபாய்க்குப் போன் போட்டு, தம்பியிடம் பேசுங்கள் என்று என்னிடம் நீட்டினார். முகம் தெரியாத ஆள். ரொம்ப நாள் பழகினது போலப் பேசினோம். ஊரில் தன் புத்தகத்தை ஒருத்தர் படிக்கிறார் என்றதும் எந்தெந்தப் புத்தகம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ராஜா நாவலின் இரண்டாம் பாகம் அவரிடம்தான், பிளேனில் படிக்க எடுத்துப்போனாராம். ராணி தப்பின விதத்தைச் சொன்னார். தே. சொன்னதே மேல் என்றேன், ஒப்புக்கொண்டார்.

அக்கா இன்னொரு பை கொடுத்தார். நன்றி என்று வாய்விட்டுச் சொல்லிப் பழக்கமில்லை. சொல்லிவிட்டேன்.

திரும்பும்போது ஏழுமலை வீட்டில் இறங்கினேன். பயம்தான் மச்சான், கால் இல்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை. காவல் வேலைக்குப் போகவில்லை, ஆனால் கடலுக்கு எப்போது வருவேன் என்று தெரியாது என்றேன். வரும்போது வா என்றார். ஏரிப் படகு ஒன்று இரவல் கேட்டேன்.

மார்ச் 1, ஞாயிறு

வெயில் ஏறுமுன் கோட்டைக்குப்பம் கரை. காற்று இல்லை. ஏரி தட்டையாக. தே. கல்யாணத்துக்குப் போகிற புடவை, தலையில் பூ.

படகு விளிம்பில் கை வைத்தவன் அப்படியே நின்றேன். அவள் முதலில் ஏறி உட்கார்ந்து, கரையில் எல்லோரும் பார்க்கக் கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டு ஏறினேன். ஏழுமலை கழி ஊன்றிப் படகைத் தள்ளினார். முதலில் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். அவள் ஏதோ பேசிக்கொண்டே வந்தாள். ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை, குரல் மட்டும்.

கண்ணைத் திறந்தபோது தூரத்தில் ரோஸ் நிறத்தில் ஒரு கோடு, பூநாரைக் கூட்டம். தே. எக்கிப் பார்த்தாள். நான் எழுந்து, மச்சானிடமிருந்து கழியை வாங்கினேன். கழி சேற்றைத் தொட்டது.

"இன்னும் கொஞ்சம் கிட்டக்க போ மாமா" என்றாள்.

போனேன்.