உப்புத்தண்ணி தாண்டின செய்வினை

இஞ்சாருங்கோ,

கஞ்சி குசினிக்குள் மூடியிருக்கிறது. குடித்துவிட்டு வெளிக்கிடுங்கோ.

கனடாவிலிருந்து உங்கட அண்ணர் போட்ட கடிதத்தை நான்தான் உடைத்துப் படித்தனான். ஏசுவதெண்டால் பிறகு ஏசுங்கோ. அவருக்கும் குடலில் புற்றுநோயாம். உங்கட அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் வந்த அதே நாற்பத்தாறு வயதில்.

அவையள் செத்தது செய்வினையாலை, செய்வினை உப்புத்தண்ணி, கடல், தாண்டாது என்று உங்கட அம்மா சொல்லுவா. அப்ப இது பிளேன் ஏறியா போனது? பரம்பரை இரத்தத்தோடு போனதாம். கூடப்பிறந்தவர்களும் சோதித்துப் பார்க்க வேணும் என்று அங்கத்தை டொக்டர் சொன்னவராம்.

தையில் உங்களுக்கும் நாற்பத்தாறு. ஒரு மாதமாய் விடியமுன்னம் எழும்பி உங்கட சாரத்தை நீங்களே துவைக்கிறியள். "குணேஸ்வரி, மனுசனை நல்லாய்ப் பழக்கி வைச்சிருக்கிறாய்" என்று பக்கத்து வீட்டுப் புஸ்பராணி பகிடி பண்ண, நானும் சிரித்தனான். இன்றைக்குக் கொடியில் கிடந்த சாரத்தை வடிவாய்ப் பார்த்தேன். இரத்தக் கறை போகவில்லை. மூலம் என்று எனக்குக் கதை விட வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் நம்பர் துண்டெடுத்து உங்களுக்காக வரிசையில் நிற்பேன். அடையாள அட்டையோடு வாங்கோ, ஆமிக்காரர் சென்றியில் மறிப்பாங்கள்.

பி.கு.: மகள் உங்களை அப்படியே உரித்து வைத்தவள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது நான்தான். இனிச் சொல்லமாட்டேன்.